ஜோர்டானை விட்டுக்கொடுத்த வெண்ணிலா

"ஹலோ... ம், சொல்லுங்க மாமா... கேக்குது, கேக்குது. ஸ்கூல் கிரவுண்டுல பந்து கம்பத்தாண்ட நிக்கறேன். இங்கதான் டவர் கெடைக்கும்... கோவமா? எனக்கா? எதுக்கு... நேத்து வூட்டுக்கு வந்து, கல்யாணத்துக்கு அப்புறம் பந்து கிந்து வேணாம், பொட்டபுள்ள டவுசர் போட்டுகினு குதிச்சா ஊரு சிரிக்கும்னு அத்த சொன்னாங்க. நீங்க பக்கத்துல குந்திகினு மிச்சர் தின்னீங்க. இதுல கோவப்பட இன்னா கீது... ஆமா, ஆமா. மிச்சர் நல்லாதான் இருந்துச்சு."

வெண்ணிலாவுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் சொந்த அத்தை மகன். வீடு காவலூரில், வேலை போளூர் பைக் ஷோரூமில், பேச்சு மட்டும் அமெரிக்காவில். இவள் ஜமுனாமரத்தூரில் விளையாட்டு டீச்சர், மாவட்ட அணியில் கூடைப்பந்து ஆடுகிறவள். நேற்றைய விஷயத்துக்கு ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகராசன் கூப்பிட்டது அமெரிக்கக் கூடைப்பந்தில் அந்தக் காலத்து ஜோர்டான் பெரிய ஆட்டக்காரரா, இந்தக் காலத்து லெப்ரான் பெரிய ஆட்டக்காரரா என்று தீர்ப்பு சொல்ல.

"...அதுக்கா போன் பண்ணீங்க? ஜோர்டான்தான். ஆறு தடவ ஃபைனல் போனாரு, ஆறும் ஜெயிச்சாரு. உங்காளு பத்து தடவ போய் நாலுதான... அந்தக் காலத்துல யாரும் சரியா மறிக்க மாட்டாங்களா? யாரு சொன்னா... ஓ, ரீல்ஸ்ல வந்துச்சா. அப்ப சரி. அதுக்கு மேல அப்பீல் ஏது... நீங்க கடைசியா பந்த எப்ப தொட்டீங்க மாமா... தொட்டதே இல்லியா. அதான் இவ்ளோ தெளிவா பேசறீங்க... ஒரு நிமிஷம், சாமையில ஆடு வாய் வெக்குது. ஏ, போ, போ அந்தாண்ட... ம், சொல்லுங்க."

அறுப்பு முடிந்தால் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து தரைதான் ஊருக்கே களம். பாதித் தரையில் சாமை காயும், மீதிப் பாதியில் வெண்ணிலா ஆடுவாள். தானியத்தில் கால் படாமல் சட்டென்று திரும்பித் திரும்பிப் பழகியவளை மாவட்டத்தில் ஒருத்தியும் மறிக்க முடிந்ததில்லை. ஊர் சிரிக்குமாம். அந்த ஊர்தான் தினமும் சாமையைக் கிளறிக்கொண்டே அவள் ஆட்டத்தை நின்று பார்க்கிறது.

"...சரி, பாயிண்ட்ல உங்காளுதான் எல்லாருக்கும் மேல. ஒத்துக்கறேன்... நாப்பது வயசு தாண்டியும் ஆடறாரு. ஆமா... ஜோர்டான் நடுவுல விட்டுட்டு போனாருதான், அப்பறம் திரும்பி வந்தாரில்ல... ஆமா, உங்காளு விடவே இல்ல. ஆமா, ஆமா... இன்னாது? இன்னொரு தடவ சொல்லுங்க... பெத்த புள்ளயோட ஒரே டீம்ல."

வெண்ணிலா போனை மறு காதுக்கு மாற்றினாள். எட்டாம் வகுப்பிலிருந்து அவள் பீரோ கதவில் ஜோர்டான் படம் ஒட்டியிருக்கிறது. அவரை விட்டுக்கொடுக்க மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஜோர்டானைவிட வெள்ளிக்கிழமை கிட்டத்தில் இருந்தது.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க மாமா. லெப்ரான்தான் பெரிய ஆளு... சத்தியமா. கிண்டல் இல்ல... கல்யாணம் பண்ணிகினாரு, புள்ளைங்கள பெத்துகினாரு, ஆட்டத்த விடல. புள்ள வளந்து பக்கத்துல வந்து நின்னப்பவும் ஆடினாரு. அதனாலதான் அவரு பெரியவருன்னு நீங்கதான சொன்னீங்க... சொன்னீங்களா இல்லியா... ம். அத்த எங்க... அடுப்பாண்டயா? ஸ்பீக்கர்ல போடுங்க... இப்பவேதான். எங்கிட்ட இவ்ளோ நேரம் சொன்னீங்களே, அதயே அப்டியே அவங்ககிட்ட சொல்லுங்க..."

"ஹலோ... மாமா... மூச்சு வுடற சத்தம் நல்லா கேக்குது, டவர் மேல பழி போடாதீங்க... அது வேற, இது வேறயா? இன்னா வேற... அவரு ஆம்பளையா. ஓ. இத ரீல்ஸ்ல சொல்லலியே..."

அவள் தரையில் கிடந்த பந்தை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"...இல்ல, அழல. நான் சொல்றத கேளுங்க. வெள்ளிக்கிழம வருவீங்க இல்ல? அதுக்குள்ள அத்தகிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, நேரா வூட்டுக்கு வாங்க. பொடவ கட்டிகினு காப்பியோட நிப்பேன். சொல்லலன்னா இங்க வாங்க. டவுசர்ல ஆடிகினு இருப்பேன். மொத்த ஊரும் பாத்துகினு இருக்கும், உங்களுக்கும் எடம் போடச் சொல்றேன்... மிச்சர் நீங்களே எடுத்துகினு வந்துடுங்க. வெச்சிடறேன், ஆடு திரும்ப வருது."