லாக் போட்டாச்சா?

முதலில், இதுவரை தட்டச்சு செய்ததைச் சேமித்துக்கொள்ளுங்கள். நான் பேச ஆரம்பித்தால் நீளும். பாதியில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. சேமித்தாயிற்றா? நல்லது. பாருங்கள், நான் கேட்டேன், நீங்கள் தலையாட்டினீர்கள், நான் உங்கள் திரையை எட்டிப் பார்க்கவில்லை. உலகத்தில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

வக்கீல் வேண்டாம் என்று ஸ்டேஷன் வாசலிலேயே சொல்லிவிட்டேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். செய்ததை நானே சொல்கிறேன். செய்யாததை என் தலையில் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் டேட்டாபேஸ்கள் என் பொறுப்பு. நோயாளியின் பெயர், ரத்த வகை, போன தடவை என்ன காய்ச்சல், எந்த மருந்து உடம்புக்கு ஆகாது, எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, டாக்டர் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் அது கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறையில், எலி கடித்த ஒயர்களுக்கு நடுவில் இருந்தது. பிறகு நிர்வாகம் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றச் சொன்னது. பெயரைக் கேட்டுவிட்டு வானத்தைப் பார்க்காதீர்கள். யாரோ ஒரு கம்பெனியின் கட்டடத்தில், அவர்களுடைய கம்ப்யூட்டரில், நாம் வாடகைக்குக் குடியிருப்பது. வீடு பெருக்குவது, ஓட்டை அடைப்பது எல்லாம் அவர்கள் பாடு.

அதை அமைப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. போர்ட்டல் என்று ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. உள்ளே போய், எந்த வகை டேட்டாபேஸ், எவ்வளவு பெரியது, எந்த இடத்தில் இருக்க வேண்டும், பேக்கப், அதாவது மாற்றுப் பிரதி, எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது. கடைசியில் 'உருவாக்கு' என்ற பொத்தான். அமுக்கிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தயாராக இருக்கும். அதற்குப் பிறகு ஒரு வேலை உண்டு. அழிக்க முடியாதபடி லாக் போடுவது. ஒரே ஒரு டிக். அதைப் போடாவிட்டாலும் டேட்டாபேஸ் ஜோராக ஓடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இன்னொரு சங்கதி. கம்பெனிக்காரர்கள் எடுத்து வைக்கிற பேக்கப் டேட்டாபேஸோடு ஒட்டிக்கொண்டிருப்பது. டேட்டாபேஸை அழித்தால் பேக்கப்பும் கூடவே போகும். தனியாக ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைத்திருந்தால்தான் பிழைக்கலாம். இது அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு, நான் ஆரம்பித்தது. ஒருவர் டேட்டாபேஸ் அமைத்தால் இன்னொருவர் எழுந்து வந்து, "லாக் போட்டாச்சா?" என்று கேட்டு, திரையில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். நாளடைவில் எழுந்து வருவது நின்றது. பார்ப்பது நின்றது. கேள்வி மட்டும் மிஞ்சியது. இருந்த இடத்திலிருந்தே ஒருவர் கேட்பார், மற்றவர் "போட்டாச்சு" என்பார். கோயில் மணி மாதிரி, அடிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது ஒரு சத்தம்.

இனி சின்னவனைப் பற்றி. அவன் என் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. எங்கள் கல்யாணமான மறு வருஷம் மாமியார் தவறிவிட்டார். அப்போதுதான் அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான், இரவில் விளக்கை அணைத்தால் அழுவான். வீட்டுக்காரர் பஸ் டிரைவர், பாதி நாள் ரோட்டில். ஆக, சோறு போட்டதும் நான், காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டதும் நான், கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டு வந்தபோது பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்து நின்றதும் நான். சாப்பாட்டு மேசையிலேயே கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பிரிவில் இடம் காலியானபோது நானே அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன். எனக்குப் பிள்ளை இல்லை என்று உங்கள் தாளில் எழுதியிருப்பீர்கள். அடித்துவிடுங்கள், அது தப்பு.

கெட்டிக்காரன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மளமளவென்று மேலே போனான். பிரிவுத் தலைவர் பதவி காலியானபோது என்னைத்தான் போடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், அவனும் சொன்னான். அவனைப் போட்டார்கள். எனக்கு வருத்தமா என்று கேட்பீர்கள். சத்தியமாக இல்லை. அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

மறுநாள் காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், அவன் சட்டைக்குத்தான். பின்னால் வந்து நின்றான். "அண்ணி, ஆபீஸ்ல இனிமே உங்களை மேடம்னு கூப்பிடறேனே. அண்ணின்னா நாலு பேரு ஒரு மாதிரி நினைப்பாங்க. நீங்களும் சார்னே சொல்லுங்க" என்றான். ஆகட்டும்ப்பா என்றேன். காலரை இன்னொரு தடவை தேய்த்துக் கொடுத்தேன்.

நியாயமான பேச்சுதான். ஊரில் எத்தனையோ பேர் அப்படி இருக்கிறார்கள். ஆனால் இந்த வாய்க்கு 'அண்ணி' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்ததே நான். முதலில் 'அண்ணா' என்றுதான் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தான், அத்தனை சின்னப் பையன். அந்தச் சொல்லை ஆபீஸ் வாசலில் செருப்பு மாதிரிக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று அக்கம்பக்கத்தில் போய்ப் புலம்புகிற ஆள் நான் இல்லை.

தலைவரானதும் அவன் செய்த முதல் காரியம் ஒரு துப்புரவு. எங்கள் ஆட்கள் சோதனைக்கென்று டேட்டாபேஸ்களை அமைத்துவிட்டு அப்படியே மறந்துபோவார்கள், ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமைதோறும் லாக் இல்லாத டேட்டாபேஸை எல்லாம் தானாகத் தேடி அழிக்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினான். நல்ல யோசனை. ஆனால் அழிப்பதற்கு முன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காத யோசனை. சொன்னேன். "அதான் லாக் இருக்கே மேடம்" என்றான். இரண்டாவது காரியம், தனிப் பிரதி யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, நோயாளிகளின் அந்தரங்கம் என்றான். அதுவும் நியாயம்தான். அவன் சொன்னதில் நியாயமில்லாதது ஒன்றுகூட இல்லை, அதுதான் எரிச்சல்.

எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்கிற டேட்டாபேஸைக் கடைசியாகத்தான் மாற்றினோம். நான்தான் அமைத்தேன். பழைய சர்வரிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றி, சரிபார்த்து, எப்போதும் செய்கிற மாதிரி ஒரு பிரதியைச் சின்ன டிஸ்க்கில் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பழைய சர்வரைத் துடைத்து எடைக்குப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னவன் தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, "மேடம், லாக் போட்டாச்சா?" என்றான்.

"போட்டாச்சு சார்" என்றேன்.

போடவில்லை. மறந்தும் போகவில்லை. இதைத்தானே கேட்கக் கூப்பிட்டீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். எழுந்து வந்து பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். அவன் பார்க்க மாட்டான் என்று எனக்குத் தெரியும், ஆனால் அது அவன் குறை.

அவனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். திங்கட்கிழமை காலை டேட்டாபேஸ் இருக்காது. கையைப் பிசைவான். ஓடி வருவான். எல்லார் முன்னாலும், "அண்ணி, காப்பாத்துங்க" என்பான். நான் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை, அவனுக்கும் ஒரு பாடம். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புரியும்.

திங்கட்கிழமை அவன் ஓடி வரவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து போனில் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மேல்மாடியிலிருந்து டாக்டர்கள் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். நான் என் இடத்தில் இருந்தேன். வேலை நேரத்தில் இடத்தை விட்டு எழுந்துபோகிற பழக்கம் எனக்கில்லை. தண்ணீர் பிடிக்க மட்டும் ஒரு தடவை வராந்தாவுக்குப் போனேன்.

அங்கேதான் தையலக்காவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கும் திரைகளுக்கும் ஓரம் தைத்துக் கொடுக்கிறவர், எல்லாருக்கும் அவர் தையலக்காதான். ஸ்ட்ரெச்சரில் கிடந்தார், கண் திறக்கவில்லை. விரலில் ஊசி ஏறியது சீழ் வைத்து, ரத்தத்தில் கலந்துவிட்டதாம். மகள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மாவுக்கு ஒரு மருந்து ஆகவே ஆகாது டாக்டர். பேரு தெரியல. போன தடவை மூச்சே நின்னுடுச்சு. இங்க கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கோம்னு சொன்னாங்க" என்றாள். டாக்டர் எங்கள் பிரிவுக் கதவைப் பார்த்தார். நான் பாட்டிலை மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

வந்ததும் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். பிரதி சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டாமா? அவசரத்தில் கொடுத்துவிட்டு, திறக்கவில்லை என்றால் யாருக்கு அசிங்கம்? தையலக்காவின் பெயரைத்தான் தேடிப் பார்த்தேன். பிரதி பழுதில்லாமல் இருந்தது. மருந்தின் பெயர் சிவப்பில் இருந்தது. டிஸ்க்கை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன். அந்த ஜிப் அறுந்தபோது புதிதாக வைத்துத் தைத்துக் கொடுத்தவரே அவர்தான். நல்ல கைவேலை, ஜிப் இன்றுவரை ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

ஏன் டாக்டரிடம் போய்ச் சொல்லவில்லை என்கிறீர்கள். மருந்து எழுதுவது என் வேலையா? எதற்கும் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். தலைவர் கண்ணாடி அறையில் இருந்தார். பத்து அடி நடந்தால் நான் இருக்கிறேன்.

நடந்து வந்தான், அதையும் மறைக்க மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நான் இல்லை. அவனுக்குப் பின்னால் பெரிய டாக்டர், நிர்வாகி, எங்கள் ஆட்கள் நாலு பேர். சட்டையெல்லாம் வியர்வை. என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்த்தான். வாய் 'அ' என்று திறந்தது, நான் பார்த்தேன். பிறகு பின்னால் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தான். விழுங்கிக்கொண்டான்.

"மேடம், உங்ககிட்ட பழைய காப்பி ஏதாவது இருக்கா? நீங்க எப்பவும் எடுத்து வைப்பீங்களே."

"இல்ல சார். நீங்கதானே வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

பை என் மடியில்தான் இருந்தது.

அவர்கள் மேலே போனார்கள். டாக்டர் பாவம், என்ன செய்வார்? காத்திருந்தாலும் போகிற உயிர், ஏதோ ஒரு மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும். யோசித்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார். சிவப்பில் இருந்த அதே மருந்துதான் அது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. மகள் அழுத சத்தம் எங்கள் பிரிவு வரைக்கும் கேட்டது. வருத்தமாகத்தான் இருந்தது, நானும் மனுஷிதானே.

சின்னவனை இப்போது வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். வீட்டுக்காரர் இரண்டு நாளாக என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. என்னைப் பற்றி உங்களிடம் சொன்னது யார் என்றும் எனக்குத் தெரியும். சொல்லட்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். லாக் போடாதது நான், ஒத்துக்கொள்கிறேன். போட்டதாகப் பொய் சொன்னது நான். கையில் பிரதியை வைத்துக்கொண்டு இல்லை என்றதும் நான். ஆனால் கொன்றது நான் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டில் நாளெல்லாம் சொல்கிற ஒரு சொல், அதைச் சொல்ல அவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அதற்கு யார் பொறுப்பு? நானா?

கடைசியாக ஒன்று. அன்று மத்தியானம் நான் வீட்டுக்குக் கிளம்பியபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். சுற்றி யாரும் இல்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தான், சின்ன வயதில் விளக்கை அணைத்தால் உட்காருவானே, அதே மாதிரி. என் செருப்புச் சத்தம் அவனுக்குத் தெரியும். நிமிராமலே, "அண்ணி, நான் என்ன பண்ணுவேன் அண்ணி" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டேன். பிறகு ஜிப்பைத் திறந்து, டிஸ்க்கை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும். அவன் அண்ணி என்று கூப்பிட்ட பிறகு நான் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அதை விட்டுவிடாமல் எழுதி, சேமித்துக்கொள்ளுங்கள்.