உப்பில்லாத வீடு

எங்கள் வீட்டு உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தது நான்தான் ஐயா. குடும்பம் நடக்கிற வீட்டில் உப்பு இல்லாமல் போகலாமா என்று எதிர்வீட்டுப் பட்டம்மாள்கூடக் கோபித்துக்கொண்டாள். அவருக்கு ஆகாத உப்பு எனக்கு மட்டும் எதற்கு என்றேன். அன்றிலிருந்து தெருவே என்னை மெச்சியது.

அவர் என் வீட்டுக்காரர், நமச்சிவாயம். பட்டு நெய்கிறவர். விபூதி பூசாமல் தறியில் உட்கார மாட்டார். பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, டயாலிசிஸில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஒரே மகள், கலையரசி. தன் கிட்னி அப்பாவுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த அன்று இனிப்பு வாங்கி வந்தாள். கல்யாணமாகாத பெண். அவள் வயிற்றில் கத்தி வைக்க விடுவேனா? வேண்டாம் என்று அவளிடம் மன்றாடினேன். அவரிடமும் சொன்னேன். அவளே ஆசைப்பட்டுக் கொடுக்கிறாள், நான் என்ன செய்ய என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லும் பெண் ரொம்பப் பொறுமையானவள். பாக்கெட்டில் வரும் சாசேஜ், சலாமி மாதிரிப் பதப்படுத்திய இறைச்சிப் பக்கமே போகக் கூடாது, உப்பும் பாஸ்பேட்டும் அதில் ஒளிந்திருக்கும், உடம்பில் நீர் கோத்து இதயமே நின்றுவிடலாம் என்றாள். அதுவரை எனக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது. நாங்கள் சைவம் என்றேன். சிரித்துவிட்டு அடுத்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

செவிலிமேட்டில், என்னைத் தெரியாத கடையில் சாசேஜ் வாங்கினேன். கலையரசி வேலைக்குப் போனதும் பொடியாக நறுக்கி, மசாலாவில் பிரட்டி, சோயா என்று சொல்லி வைத்தேன். சத்துக்காக டாக்டரே சொன்னது என்றேன். நாக்கு செத்துக் கிடந்த மனிதர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"உப்பே இல்லாம எப்படி கமலா இவ்ளோ ருசியா பண்ற?" என்றார்.

கால் வீங்கியது, பிறகு முகம். கலையரசி சாம்பாரை நக்கிப் பார்த்தாள். ஊறுகாயை எங்காவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று அடுக்களையைத் துழாவினாள். சைவ வீட்டில் இறைச்சியை யார் தேடப்போகிறார்கள்? வீக்கம் வடியட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிப்போனால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் தினமும் அந்தச் சோயாவைக் கேட்டார். கேட்பவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு காலையில் மூச்சுத் திணறி, என் மடியிலேயே போய்விட்டார்.

சீக்கிரம் கொடுத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று கலையரசி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெற்ற வயிறு கேட்குமா? அவள் மேல் தப்பில்லை என்று காட்டத்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன்னை யாருமா என்னைக் காப்பாத்தச் சொன்னது?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. கடைசிவரை என் கையால் அவருக்கு ஒரு கல் உப்பு போட்டதில்லை. நெற்றி நிறைய விபூதியோடு, சைவமாகத்தான் போனார்.