ஹில்க்காவின் ஒப்பாரிக்கு ஒரு நட்சத்திரம்

காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம், மேடம். எனக்கு எதிலும் கலப்படம் பிடிக்காது.

இங்கே பின்லாந்தில், யோவென்சூ ஊரில் நான் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிறேன். நாட்டுப்பாட்டும், மெட்டல் என்கிற இரைச்சல் ராக்கும் மட்டும்தான். மாதம் ஒருமுறை எட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரிகையும் போடுகிறேன். புது ஆல்பங்களுக்கும், கத்தியோடு துரத்தித் துரத்திக் கொல்லும் படங்களுக்கும் அதில் விமர்சனம் எழுதுவது நான்தான். அந்தப் படங்களில் ரத்தம் எனக்குப் பொருட்டில்லை. அது சாயத்தண்ணீர் என்று குழந்தைக்கும் தெரியும். அலறலைத்தான் கேட்பேன். நூறு படம் பார்த்தால் தொண்ணூற்றொன்பதில், கத்தி வருவதற்கு முன்பே, அலறப்போகிற பெண் மூச்சை இழுத்து வைத்துக்கொள்கிறாள். கேட்டாலே குமட்டும். பொய் அழுகை அழுகிய மீன் மாதிரி, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் வாடை போகாது.

போன இலையுதிர் காலத்தில் பாடகி ஹில்க்காவின் மெட்டல் குழு ஓர் ஆல்பம் வெளியிட்டது. கிட்டார் பிரமாதம். ஆனால் மூன்றாவது பாட்டில் எல்லா இரைச்சலையும் நிறுத்திவிட்டு, அவள் தனியாக, எங்கள் கரேலியச் சீமையின் பழைய ஒப்பாரியைப் பாடுகிறாள். எங்கள் ஒப்பாரியில் செத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, உறவையும் சொல்லக் கூடாது. சுற்றி வளைத்துத்தான் அழ வேண்டும். ஆனால் ஆள் செத்திருக்க வேண்டுமல்லவா? அவள் வீட்டில் யாரும் சாகவில்லை. பதினைந்து வருடப் பழக்கம், எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். பிணமில்லாத வீட்டில் கூலிக்கு மாரடிக்கிறாள் என்று எழுதினேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் தம்பி வெசா என் ஏரிக்கரைக் குடிலுக்கு வந்தான். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். சௌனா என்கிற நீராவி அறையில் இருவரும் வியர்த்துக்கொண்டிருந்தபோது என்னைச் சீண்டினான்.

"காதுல என்னடா வச்சிருக்க ரெய்னோ, பஞ்சா? அந்தப் பாட்டுல என்ன இருக்குன்னு அக்கா வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டா. இல்லன்னா உன்னை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கும் கோபமில்லை. ஹில்க்காவுக்கு நல்ல குரல், மேடம். அழுவதற்கு ஓர் ஆள் மட்டும்தான் அவளுக்குக் குறை என்று அப்போது பட்டது.

சௌனா சூட்டோடு போய், ஏரிப் பனிக்கட்டியில் வெட்டிய குழியில் முங்கி எழுவோம். ஒருவர் முங்கினால் மற்றவர் கரையில் நிற்க வேண்டும். இதை எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. வெசா ஏணியைப் பிடித்துக்கொண்டு தலை முழுக முங்கினான். நானும் கரையில்தான் நின்றேன். குழி உறையாமலிருக்கப் போடும் மர மூடியை இழுத்துப் போட்டேன். மேலே துண்டை விரித்து உட்கார்ந்தேன். கீழேயிருந்து ஏழெட்டுத் தடவை தட்டினான். அவ்வளவு நல்ல டிரம்ஸ்காரன், தாளமே இல்லை.

பிறகு உங்கள் போலீஸ் அலுவலகத்துக்குப் போன் செய்து, குளிரில் இதயம் நின்றுவிட்டது என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அடக்கத்துக்குச் சட்டைப்பையில் ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். ஹில்க்கா வாயே திறக்கவில்லை. கூடப் பிறந்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. சீ, இவளுக்காகவா இவ்வளவு பாடுபட்டோம் என்று வெறுத்துப்போயிற்று.

இப்போது நீங்கள் என்னவோ சொல்கிறீர்கள். போன வருடம் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் குழந்தை செத்துப் பிறந்ததாம். தம்பியைத் தவிர யாருக்கும் தெரியாதாம். அந்த மூன்றாவது பாட்டு அதற்காக அழுததாம். என் விமர்சனத்தைப் படித்தபிறகு, இனி யாருக்கும் ஒப்பாரி பாடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டாளாம்.

அவள் புளுகுகிறாள், மேடம். முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய காது இது. அந்த அழுகை நிஜம் என்றால், வெசாவை நான் எதற்குக் கொன்றேன்?