லோவெல் தலையசைத்தான்

வெயிலில் பான்ஜோ சொன்னபடி கேட்காது. நிழலில் உட்கார்ந்து பொறுமையாகச் சுருதி சேர்த்துவிட்டு வெளியே நாலடி நடந்தால் போதும், கம்பி தளர்ந்து எல்லாம் கோணலாகிவிடும். அதனால்தான் ஆகஸ்ட் மாதத் திருவிழாக்களில் பந்தலுக்குள் எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. லோவெல் ஸ்டில்ட்னரின் பந்தலில் அந்த இடம் பல வருடம் எனக்குக் கிடைத்தது. இதை நன்றியோடு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுதித் தரச் சொன்னீர்கள், டெபுடி ஷெரிஃப் ராட்லிஃப். நல்லதுதான். வாயால் சொன்னால் சுற்றி வளைத்துவிடுவேன். என் பெயர் எம்மெட் ராஸ்னிக். பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கோடை வந்தால் வண்டிக்குப் பின்னால் படுக்கை வசதியுள்ள கேம்பரை மாட்டிக்கொண்டு, இந்த மலைப்பக்கத்தில் ப்ளூகிராஸ் இசைத் திருவிழா எங்கே நடந்தாலும் போய்விடுவேன். மேடையில் வாசிக்கிற ஆள் இல்லை. என்னைப் போன்றவர்கள் கேம்பர்களுக்கு நடுவே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, விரல் மரத்துப்போகும் வரை எங்களுக்குள்ளேயே வாசித்துக்கொள்வோம். வீட்டில் எனக்கு யாரும் இல்லை. அந்த வட்டம்தான் இருந்தது.

வட்டத்துக்குச் சில முறைகள் உண்டு. பாட்டைத் தொடங்குகிறவர்தான் தலைவர். ஒரு சரணம் பாடி முடித்ததும் யாரையாவது பார்த்துத் தலையசைப்பார். அது யாருக்கு வருகிறதோ அவர் தனி வாசிக்க வேண்டும். அப்போது மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு அவருடைய விரல்களையே பார்ப்பார்கள். வேறு எங்காவது பார்ப்பது மரியாதை இல்லை. தலைவர் ஒரு காலைத் தூக்கினால் அந்தச் சுற்றோடு பாட்டு முடிகிறது என்று அர்த்தம். எங்கள் பந்தலில் பெரும்பாலும் லோவெல்தான் தொடங்குவான். மளிகைக் கடையில் இறைச்சி வெட்டுகிறவன். மாண்டலினில் அவன் அடிக்கிற கட்டையான அடிதான் எங்கள் எல்லோருக்கும் தாளம். எங்கள் இசையில் வேறு கொட்டு கிடையாது.

மூன்று கோடைக்கு முன்னால் ஒருநாள், என் தனி முடிந்ததும் அவன் வாசிப்பதை நிறுத்தினான்.

"யோவ் எம்மெட், தாளத்த விட்டுட்டு எங்கய்யா இப்படி ஓடுற? வீட்ல அடுப்ப அணைக்காம வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பான்ஜோன்னா கொஞ்சம் துள்ளத்தான் செய்யும்" என்றேன்.

"துள்ளுறது வேற, தறிகெட்டு ஓடுறது வேற. இங்க வா, என் பக்கத்துல வந்து உக்காரு. கடிவாளம் புடிக்க எனக்கு வசதியா இருக்கும்."

ஆளுயர பாஸ் வயலினைக் கட்டிக்கொண்டு நின்ற டாயில் குதிரை போலக் கனைத்தான். அதன் பிறகு நான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் டாயில் கனைப்பான். முதல் கோடையில் அது வேடிக்கையாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தலையசைப்பு வரவில்லை. வயலினுக்கு அசைப்பான், அப்படியே என்னைத் தாண்டிக் கிடாருக்குப் போய்விடுவான். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், முழங்கையும் முழங்கையும் இடிக்கிற தூரம். அவன் பார்வை என் முகத்தைக் கடக்கும்போது அதில் எரிச்சல் கூட இருக்காது. எரிச்சல் இருந்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நான் உழைக்காமல் இல்லை. குளிர்காலம் முழுக்க, டிக் டிக்கென்று வேகம் காட்டும் தாளக் கருவியை எதிரில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்தேன். சில சமயம் கருவிதான் பின்தங்கியது.

இந்த வருடம் மே மாதத் திருவிழாவில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவன் என் தோளில் கை போட்டான்.

"எம்மெட், தப்பா எடுத்துக்காதப்பா. அடுத்த வருஷத்துல இருந்து ரோனோக்கிலேருந்து ஒருத்தன் வரான். பான்ஜோதான். அடேயப்பா, என்ன கை! ஒரு வட்டத்துக்கு ஒரு பான்ஜோ போதும்னு உனக்கே தெரியும். நீ வேற பந்தல் எதாச்சும் பாத்துக்கோ."

"எந்தப் பந்தல்?" என்றேன்.

"நுழைவாயில் பக்கத்துல புதுசா கத்துக்கிறவங்க உக்காருவாங்கள்ல? நல்ல ஜனங்க. உன்ன வச்சுத் தாங்குவாங்க."

அவன் மனைவி நடீன் அப்போது பீன்ஸும் சோளரொட்டியும் வைத்த தட்டை என் கையில் கொடுத்தாள். சாப்பிட்டேன். ரொட்டி நன்றாக இருந்தது. அன்றுதான் அவனை வெறுக்கத் தொடங்கினேன் என்று நீங்கள் குறித்துக்கொண்டால் அது தவறு. வெறுப்பு முன்பே இருந்தது. அன்று அதற்கு ஒரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

லோவெலுக்குக் குளவி ஆகாது. இது ரகசியம் இல்லை. ஒவ்வொரு திருவிழாவிலும் முதல் நாள் நடீன் வட்டத்துக்கு நடுவில் வந்து நின்று சொல்லுவாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இவர குளவி கொட்டுச்சுன்னா தொண்ட அடைச்சுக்கும். மருந்து ஊசி மாண்டலின் பெட்டிக்குள்ள, கம்பி வைக்கிற சின்ன அறையில இருக்கு. யாரு பக்கத்துல இருக்கீங்களோ எடுத்துத் தொடையில குத்திடுங்க. பேன்ட்டோட குத்தினாலும் பரவால்ல."

"தொடையில எதுக்கு, நாக்குல குத்துவோமே" என்பான் டாயில். "எங்களுக்கும் கொஞ்ச நேரம் நிம்மதி."

"குத்துடா, குத்து. அப்புறம் உனக்கு எந்தப் பாட்டு எந்தச் சுருதின்னு யாரு சொல்லுவா?" என்பான் லோவெல்.

பேனா அளவு ஊசி அது. பெட்டி என் கால் அருகில் திறந்தே கிடக்கும், ஏனென்றால் அவன் பக்கத்து இடம் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தை நான் கேட்டு வாங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். எங்களுக்குள் ஒருவர் பெட்டியில் ஒருவர் கை விடுவது சகஜம். கம்பி அறுந்தால், மீட்டுகிற வில்லை தொலைந்தால், பக்கத்துப் பெட்டியில் துழாவி எடுத்துக்கொள்வோம். கேட்டுக்கொண்டு நின்றால்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

இந்த ஆகஸ்ட் திருவிழாவில், சனிக்கிழமை மதியம் நான் லோவெலின் பெட்டிக்குள் கை விட்டேன். ஒரு வில்லையும் ஊசியும் எடுத்தேன். வில்லையை எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு தேவாலயப் பெண்களின் கடைக்குப் போய் வட்டத்தில் இருந்த அனைவருக்கும் பீச் பழ இனிப்பு வாங்கி வந்தேன். பாகு சொட்டச் சொட்ட இருந்தது. "எம்மெட்டுக்கு இன்னைக்கு என்னமோ ஆயிடுச்சுடோய்" என்றான் டாயில். எல்லோரும் சாப்பிட்டார்கள். காலித் தட்டுகளை நான்தான் வாங்கி அடுக்கினேன், லோவெலின் நாற்காலிக்கு அடியில். வழக்கமாக நடீன் அப்படிப்பட்டதையெல்லாம் உடனே அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவாள். அந்த நேரத்தில் அவள் மேடைப் பக்கம் பக்திப் பாட்டுக் கேட்கப் போவாள் என்பது எனக்குத் தெரியும். குளவிகளை நான் கொண்டுவரவில்லை. அவை தாமாக வந்தன.

முழுதாக எழுதச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். ஜூன் மாதத் திருவிழாவிலும் இனிப்பு வாங்கினேன். அன்று மழை. ஜூலையில் குளவிகள் வந்தன, ஆனால் டாயிலைக் கொட்டிவிட்டுப் போயின. இரண்டு முறையும் ஊசியைத் திரும்ப அதே அறையில் வைத்துவிட்டேன். எனக்குத் திருட்டுப் புத்தி கிடையாது.

ஆகஸ்டில் அவன் ஒரு வேகமான பாட்டைத் தொடங்கியிருந்தான். முதல் சரணம் முடிகிற இடத்தில் ஒரு குளவி அவன் காதுக்குப் பின்னால் கொட்டியது. பார்த்தேன். கழுத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தான். நடுவில் பாட்டை விடுகிற ஆள் இல்லை அவன். வயலின் தனி வாசித்தது. அது முடிவதற்குள் அவன் கழுத்து சிவந்து தடித்துவிட்டது. மாண்டலின் அடி தளர்ந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். பேச்சு வரவில்லை. என் கால் அருகில் இருந்த பெட்டியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், தலையை வேகமாக அசைத்தான்.

வட்டம் முழுவதும் அதைப் பார்த்தது. லோவெல் எனக்குத் தலையசைத்தான்.

"அட, வந்துருச்சுய்யா! போடு எம்மெட், போடு!" என்று டாயில் கத்தினான். அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நான் வாசித்தேன். எல்லோரும் முறைப்படி என் விரல்களைப் பார்த்தார்கள். அதனால் யாரும் லோவெலைப் பார்க்கவில்லை. அவன் என்ன கேட்டான் என்று எனக்குப் புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகவே புரிந்தது. ஊசி என் சட்டைப் பையில், பான்ஜோவின் விளிம்பு இடிக்கிற இடத்தில் இருந்தது. ஒரு சுற்று முடிந்ததும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை, ஒரு கால் மட்டும் மேலே வந்தது. பாட்டை முடிக்கச் சொல்கிறான் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுற்றைக் கடைசி வரை வாசித்து, ஒன்றாக, அழகாக முடித்தோம். அவன் நாற்காலியோடு சாய்ந்தது அதற்குப் பிறகுதான்.

நடீன் ஓடி வந்தாள். பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினாள். "இங்கதான வச்சேன், காலைல கூடப் பாத்தனே, யாராச்சும் எடுத்தீங்களா? ஐயோ, சொல்லுங்களேன்!" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். நானும் மண்டியிட்டுத் தேடினேன். புல்லை விலக்கி விலக்கித் தேடினேன். யாரிடமாவது அந்த ஊசி இருக்கிறதா என்று மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டார்கள். ஆற்றங்கரையில் தங்கியிருந்த ஒரு பெண் தன் ஊசியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், ஆனால் அது தூரம். ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் வர வேண்டியிருந்தது. இந்தத் திருவிழாவுக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

லோவெல் ஸ்டில்ட்னரை நான் கொன்றேன். இதைத்தான் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். நீங்கள் என் கேம்பரில் ஊசியைக் கண்டெடுத்ததால் சொல்வதாக நினைக்க வேண்டாம். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த யாரோ அந்தப் பாட்டைப் போனில் பதிவு செய்திருக்கிறார்கள். நேற்று அதை என் முன்னால் ஓட்டிக் காட்டினீர்கள். நீங்கள் எல்லோரும் படத்தைப் பார்த்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முடிந்ததும் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். வழக்குக்காக அல்ல, சும்மா கேட்டதுதான்.

"எனக்குப் பாட்டெல்லாம் ஒண்ணும் தெரியாது மிஸ்டர் ராஸ்னிக். ஆனா நீங்க ஆரம்பிச்சதுல இருந்து எல்லாம் தலைதெறிக்க ஓடுதே, அது ஏன்?"

அதற்கான பதிலை இரவெல்லாம் யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன், இதையும் வாக்குமூலத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பான்ஜோ ஆரம்பித்த வேகத்திலேயே போனது. ஓடியது மற்றவர்கள். லோவெலின் அடி நின்றுபோயிருந்தது, அவர்களைப் பிடித்து நிறுத்த அங்கே ஆள் இல்லை. அதற்கு என்னைக் குறை சொல்வது நியாயம் இல்லை.