தொட்டுச் சொன்னால் போதும்

முதலில் ஒரு சின்ன உதவி. இந்த நாற்காலியை மாற்றித் தர முடியுமா? இருபத்தாறு வருடம் சின்ன விமானங்களின் வலப்பக்க இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்து என் இடுப்பு போய்விட்டது. வாத்தியார் உட்காரும் இடம் அது. நன்றி, இது போதும்.

விபத்து அறிக்கையில் மாணவரின் தவறு என்று எழுதி முடித்துவிட்டீர்களாம். அதை மாற்றச் சொல்லத்தான் வந்தேன். மனசாட்சி அது இது என்று பெரிதாக ஒன்றுமில்லை ஐயா. அலுத்துவிட்டது.

ஆகாயத்தில் ஏதாவது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. பறந்துகொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சினை அடக்கிவிட்டு, "நின்னுடுச்சு, இப்ப என்ன பண்ணுவே?" என்பேன். மாணவர் முதலில் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். இறங்க ஓர் இடம் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், தரையோடு இருக்கும் குமிழைத் திருப்ப வேண்டும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டேங்க். ஒன்று காலியானால் குமிழைத் திருப்பி மற்றதுக்கு மாறிக்கொள்ளலாம், எஞ்சின் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பயிற்சியில் அந்தக் குமிழை நிஜமாகத் திருப்ப விடுவதில்லை. தப்பாகத் திருப்பினால், பொய்யாக நின்ற எஞ்சின் நிஜமாகவே நின்றுவிடும். விரலால் தொட்டு, "டேங்க் மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் போதும். அதில் ஒரு வம்பு உண்டு. தொட்டே பழகிய கை, உண்மையான ஆபத்திலும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். வாய் மாத்தியாச்சு என்னும், மனது அதை நம்பும். அதனால்தான் தனியாக அனுப்பும் முன் ஒவ்வொருவரையும் தரையில் நிற்கும் விமானத்தில் உட்கார வைத்து, கை வலிக்கும்வரை திருப்ப வைப்பேன். ஒருவரைத் தவிர.

என் மருமகன்தான் அந்த ஒருவர். வானத்தில் நிஜமாக டேங்க் மாற்ற வேண்டியபோதெல்லாம் நானே கையை நீட்டித் திருப்பிவிடுவேன். அவருடைய விரல் அந்தக் குமிழைத் தொட்டதோடு சரி.

கெட்டவர் இல்லை. நல்ல வேலையை விட்டுவிட்டுப் பறக்க ஆசைப்பட்டு என்னிடம் வந்தவர். அவசரகாலப் பட்டியலை ராகம் போட்டு ஒப்பிப்பார். பாட்டுக்காரர் என்று நாங்கள் கேலி செய்தால் தானும் சேர்ந்து சிரிப்பார். லைசென்ஸ் கையில் வந்ததும் கடல் தாண்டி ஒரு வேலை காத்திருந்தது. என் மகளையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. என் மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. "நீங்களும் வந்துடுங்கப்பா" என்றாள் மகள். ஒப்புக்குச் சொல்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. எனக்கு ரொம்ப வலித்தது.

அவர் ஒரு தடவை நன்றாகப் பயந்து, இந்த ஆசையே வேண்டாம் என்று இறங்கி வந்தால் போதும் என்று நினைத்தேன்.

அந்த விமானத்தில் இடது டேங்க்கின் முள் பல மாதமாகக் கெட்டுக் கிடந்தது. எப்போது பார்த்தாலும் பாதி காட்டும். அதனால் அளவுக்குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பது வழக்கம். அன்று காலை குச்சியை நான்தான் விட்டேன். நுனி மட்டும் நனைந்தது. துடைத்துவிட்டு, "ரெண்டும் முக்கால் இருக்கு மாப்பிள்ளை, கிளம்புங்க" என்றேன். வலதுபக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மை. இடது டேங்க்கில் கிளம்புவதுதான் நான் பழக்கிய பழக்கம். பாதையும் நான் போட்டுக் கொடுத்தது. இருபதாவது நிமிடத்தில் கல்குவாரிகள் வரும். அதைத் தாண்டினால் நல்ல சமவெளிதான்.

நான் ரேடியோ அறையில் இருந்தேன்.

"மாமா, எஞ்சின் நின்னுடுச்சு."

"பதறாதீங்க. பட்டியலைச் சொல்லுங்க."

சொன்னார். ராகம் இல்லை. டேங்க் மாத்தியாச்சு என்பதும் அதன் இடத்தில் சரியாக வந்தது.

"எல்லாம் பண்ணிட்டேன் மாமா. பிடிக்கவே மாட்டேங்குது. வேற என்ன பண்ணட்டும்?"

"நல்லாத்தான் பண்றீங்க. மூக்கை இறக்கி வேகத்தைப் பாத்துக்குங்க. பெல்ட்டை இறுக்கிக்குங்க."

தரைக்கு வர இன்னும் இரண்டரை நிமிடம் இருந்தது. குமிழைத் திருப்புங்க என்று சொல்ல அரை நொடி போதும். சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ரேடியோ பதிவைக் கேட்ட எல்லோரும் என் நிதானத்தைப் பாராட்டினார்கள். மகள் அதைப் போனில் வாங்கி வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "கடைசி வரைக்கும் அவர்கூட இருந்தீங்கப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு மாதமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் என் குரலே ஓடிக்கொண்டிருந்தது. நல்லாத்தான் பண்றீங்க, நல்லாத்தான் பண்றீங்க என்று. தூக்கம் போனது அதனால்தான்.

போன வாரம் சாப்பிடும்போது கேட்டாள்.

"தொட்டா போதாது, திருப்பணும்னு எனக்குச் சின்ன வயசுலயே சொல்லிக்கொடுத்தீங்களே. அவர்கிட்ட ஏம்ப்பா சொல்லலை?"

"பதட்டத்துல மறந்துட்டேம்மா."

"அதுல உங்க குரல்ல பதட்டமே இல்லையேப்பா."

தன் தட்டைக் கழுவி வைத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். டேங்க் காலி என்று தெரிந்தே அனுப்பினேன். அவர் கை திருப்பாது என்றும் தெரியும். ஆனால் சாகட்டும் என்று நான் நினைத்ததில்லை. அந்த வரியை மட்டும் மாற்றாமல் போடுங்கள்.

மகளைப் பார்த்தால், கோபம் ஆறினதும் வரச் சொல்லுங்கள். அவளுடைய அறை அப்படியே இருக்கிறது. அவர்கள் இருவரும் வந்தால் படுக்கும் பெரிய கட்டிலைக் கொடுத்துவிட்டு, அவள் ஒருத்திக்கு அளவாகச் சின்னக் கட்டில் வாங்கிப் போட்டு, சுவருக்கும் புதுச் சாயம் அடித்து வைத்திருக்கிறேன்.

கட்டில் எப்போது வாங்கினேனா? அவர் கிளம்பினதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.