கம்பி இல்லாத இடத்தில் வந்த வண்டி

மலாக்கா டவுன், காஜா பெராங்கில் குடியிருப்பவனும், சின்னப்பாவின் மகனும், முப்பத்தாறு வயதுடையவனும், கல் குவாரியில் கல்லுடைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவனுமான தம்பிராஜா ஆகிய நான், 1957 ஆகஸ்டு 29ஆம் தேதி போலீஸ் ஸ்டேஷனில் விசாரிக்கப்பட்டபோது சொன்னது:

நேற்று இறந்துபோன சிவகாமசுந்தரி என் மனைவி. லாக்கப்பில் இருக்கும் டிரைவர் நல்லையா அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் மணியடிக்காமல் வந்து அவளை மோதினான் என்று மேனேஜர் துரை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அது சுத்தப் பொய்.

பத்து பெரெண்டாம் பக்கத்தில் உள்ள எங்கள் குவாரியில் கல் வண்டிகளை இழுப்பது கரண்டு இஞ்சின். தலைக்கு மேலே போகும் கம்பியிலிருந்து அதற்குக் கரண்டு வருகிறது. தண்டவாளம் லோரி ரோட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் கம்பி கிடையாது. லோரியில் ஏற்றிய கல் உரசும் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே டிரைவர்கள் முன்னாலேயே வேகம் பிடித்து, அந்த வேகத்திலேயே கரண்டு இல்லாமல் ரோட்டைத் தாண்டுவார்கள். நடுவில் நின்றுவிட்டால் கையால்தான் தள்ள வேண்டும். மணியும் கரண்டு மணி என்பதால் அங்கே அடிக்காது. அதற்காகத்தான் சுப்பையன் சிவப்புக் கொடியோடு அங்கே நிற்பார். கைமணி ஒன்று வேண்டும் என்று பல தடவை கேட்டோம். துரை மாறினாரே தவிர மணி வரவில்லை.

என் மனைவி எனக்குச் சோறு கொண்டுவரும்போது எப்போதும் மேல் வழியாக வருவாள். அங்கே கம்பி முழுதாக இருக்கிறது. வண்டி நின்ற பிறகுதான் மணி நிற்கும். மணி நின்ற பிறகுதான் பெண்கள் தண்டவாளத்தைக் கடப்பார்கள். நேற்று பாறைக்கு வெடி வைப்பதற்காக மேல் வழியை அடைத்துவிட்டதால், அவள் ரோட்டு வழியாக வந்தாள். சுப்பையனையோ சுதந்திர தினத் தோரணம் கட்ட ஆபீசுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். "ரோட்டுல யாருங்க நிக்கிறது?" என்று அவர் கேட்டதற்கு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, "ஒரு நாளுதானே, வாய்யா" என்றாராம்.

வழி அடைத்திருப்பது தெரிந்து நான் அவளுக்கு எதிரே போனேன். அவள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சோற்று அடுக்குச் சட்டியோடு நின்றாள். லாலாங் புல் மண்டி வளைவை மறைத்திருந்தது. வளைவுக்குப் பின்னால் மணி அடித்தது. அவள் ஒதுங்கி நின்றாள். அதன்பின் மணி நின்றது. அவள் தண்டவாளத்தில் கால் வைத்தாள். நான், "நில்லு புள்ள, வண்டி வருது!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்து, "மணிதான் நின்னுருச்சே" என்றாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

பிரேக் போட்டதில் வண்டி கம்பி இல்லாத இடத்திலேயே நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கீழே அவள் கிடந்தாள். நான் இஞ்சினில் ஏறி நல்லையாவைக் கூப்பிட்டேன். அவனுக்குக் காது கேட்கவில்லை போலிருந்தது. அவன் கட்டைவிரல் அடிக்காத மணியின் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. நான்தான் அந்தக் கையைப் பிடித்து எடுத்தேன். அதன்பின் நாங்கள் இருவரும் தோள் கொடுத்து, அவள் மேலிருந்து வண்டி இறங்கும்வரை தள்ளினோம். தள்ளும்போது அவளுக்கு உயிர் இருந்தது. தள்ளி முடித்தபோது இல்லை.

இன்று காலை லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து நல்லையா என்னிடம், "மச்சான், நான் அமுக்கிக்கிட்டேதான் வந்தேன். அக்காவுக்கு ஏன் கேக்கல?" என்றான். அந்த இடத்தில் மணி அடிக்காது என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

என் மனைவி இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடித் துணி போடத் தம்பி நல்லையாவைத் தவிர யாரும் இல்லை. சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவனை லாக்கப்பிலிருந்து விடாவிட்டால் கோடி இல்லாமல்தான் அவளை எடுக்க வேண்டும்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) சி. தம்பிராஜா