அடிபட்ட இடுப்பு

— இல்ல சுகிர்தம், நாளைக்கு நான் மெட்ராசுக்கு வரமாட்டேன். வெள்ளிக்கிழமை நெய்யாற்றின்கரையில அந்தப் போலீசுகாரன்மேல விசாரணை உண்டு.

— நல்ல மனுசனுக்குத்தான் என்னைக் கெட்டி வச்சாவ! புற்று இடுப்பெலும்புல ஏறியாச்சுன்னு டாக்டர் படம் பிடிச்சுக் காட்டினாரா இல்லியா?

— மெதுவாப் பேசுட்டி. வெளிய நம்ம ஆளுக நிக்கியாவ.

— நிக்கட்டும். மெட்ராசு ஆஸ்பத்திரியில கதிர் வீசுற மருந்து சீமையில இருந்து பிளேன்ல வந்து கெடக்கு. ஊசியில ஏத்தினா எலும்புல போயி வேலை செய்யுமாம். பதினாலு நாளுல பாதி வீரியம் போயிரும். சனிக்கிழமை காலம்பற அங்க இருக்கல்லேன்னா ஒங்க பங்க வேற ஆளுக்குப் போடுவாவ. அடுத்தது எப்ப வருமோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

— போட்டா நோய் மாறுமா?

— மாறாது. கத்தாம ஒறங்கலாம். அது போராதா?

— பாப்போம்.

— என்னத்தப் பாக்க? நம்ம ஊரு மெட்ராசு ராச்சியத்தோட சேரணும்னு வருசக்கணக்கா ரோட்டுல கெடந்தீங்க. இப்ப மெட்ராசுக்குப் போவச் சொன்னா முடியாதாக்கும்!

— கேலி பேசிக் களியாக்காதட்டி.

— மறியல்ல அந்தப் போலீசுகாரன் ராபின்சன் அடிச்சான்னு ஆறு மாசம் வர்ம ஆசான் எண்ணெய் போட்டுத் திருமினாரு. நானும் ஒத்தடம் குடுத்தேன். உள்ள கெடந்தது புற்று. ரெண்டு முட்டாளுங்க.

— நீ என்ன செய்வ.

— ஒங்களுக்கு நாற்காலி ருசி! செங்கல், காரோடுன்னு ஊரூரா கூட்டத்துக்கு நாற்காலியோட தூக்கிட்டுப் போயி, அடிபட்ட இடுப்புன்னு காட்டினாவல்லா. ஆஸ்பத்திரி கடுதாசியில புற்றுன்னு எழுதினா மானம் போவும்.

— மானம் எப்பவோ போச்சுட்டி.

— அப்ப வாங்க. நோயில எலும்பு பெலம் கெட்டுது, அவனுக்க அடியில ஒடிஞ்சுதுன்னு சொல்லுவோம். ரெண்டும் உள்ளதுதானே? நீங்க போவல்லேன்னாலும் அறுபது பேரு சாட்சி சொல்லுவாவ.

— சொல்லுவாவ. அவனுக்கு வேலையும் போவும், ஜெயிலும் கெடைக்கும்.

— கெடைக்கட்டும்! அடிக்கையில அவனுக்கு அறிவு இல்லியா?

— எனக்கு ஒருநாள் பொறு.

— ஒருநாள் மருந்து பொறுக்காது! அறுபது பேரு சொல்லாத எதைச் சொல்லப் போறீங்க அங்க?

— அவன் அடிக்கல்ல சுகிர்தம். காலு தன்னால மடங்கி நான்தான் விழுந்தேன். மிதிபட்டுச் சாவாம என்னைத் தூக்கினவனாக்கும் அவன்.